அறுபது பேர் அமரும் கூடத்தில் ஜாஸ்: உள்ளூர்க் குழுவை மேடையேற்றும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: சின்ன ஊர். 60 பேர் அமரக்கூடிய சமூகக்கூடம். சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் பியானோ, டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ், சாக்ஸபோன் கலைஞர்கள் நால்வர் மாதம் ஒருமுறை ஜாஸ் வாசிக்கத் தயார். எத்தனை வாட் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாம், வேறென்ன ஏற்பாடு வேண்டும்?

ஸ்பீக்கரைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அந்த அளவு அறையில் டிரம்ஸும் சாக்ஸபோனும் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை தாராளமாகப் போய்ச் சேரும். ஜாஸுக்குச் சின்ன அறை குறையே அல்ல. நியூயார்க்கில் 1935இல் திறந்த வில்லேஜ் வேன்கார்டு ஒரு நிலவறை. 123 பேருக்குத்தான் இடம். அந்த அறைக்குள்தான் 1966 முதல் திங்கட்கிழமைதோறும் பதினாறு பதினேழு பேர் கொண்ட பெரிய குழு வாசிக்கும் வழக்கம் நடந்து வருகிறது. நியூ ஆர்லியன்ஸில் 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹாலில் ஒலிபெருக்கியே கிடையாது. நால்வருக்கு உங்கள் கூடம் போதும், மிஞ்சும்.

முதலில் கவனிக்க வேண்டியது, அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் தெளிவாகக் கேட்கிறார்களா என்பதே. ஜாஸில் எழுதிவைத்த மெட்டு கொஞ்சம். மீதியெல்லாம் அந்த நொடியில் பிறப்பது. சாக்ஸபோன் ஒரு சொற்கட்டை விட்டால் பியானோ அதற்குப் பதில் சொல்ல வேண்டும், டிரம்ஸ் அதைத் தாங்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: டிரம்மருக்கு பேஸ் கேட்கவில்லை, அழுத்தி அடிக்கிறார், பேஸ் கலைஞர் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டுகிறார், பியானோக்காரர் தன் விரல்கள் தனக்கே கேட்கவில்லை என்று மைக் கேட்கிறார், இரண்டாவது பாட்டு முடிவதற்குள் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இதற்கு மருந்து ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது.

நால்வருக்கு 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் போதும். மேடை பெரிதாக இருந்தாலும் பரப்பி நிறுத்தாதீர்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லிநொடி ஆகும். டிரம்ஸுக்கும் பியானோவுக்கும் 6 மீட்டர் இடைவெளி என்றால் 17 மில்லிநொடி தாமதம். நிமிடத்துக்கு 240 அடி என்ற வேகமான பாட்டில் ஓர் அடி 250 மில்லிநொடி. ஸ்விங் எனப்படும் ஜாஸின் துள்ளல் நடைக்காக அதை மூன்றாகப் பகுத்தால் ஒரு பங்கு 83 மில்லிநொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்திலேயே போய்விடுகிறது. தாளம் 'இழுக்கிறது' என்று குழுவினர் முணுமுணுப்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

டபுள் பேஸ் நடுவில், ஒரு பக்கம் பியானோவின் இடக்கை, மறுபக்கம் டிரம்ஸின் ரைடு சிம்பல், அதாவது குச்சியால் தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய உலோகத் தட்டு. இந்த ரைடு சிம்பலும் பேஸின் நடையும் ஒட்டிக்கொண்டால்தான் ஸ்விங் பிறக்கும். இருவருக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சாக்ஸபோன் முன்னால், ஆனால் குழுவுக்கு முழு முதுகைக் காட்டாமல் சற்றுத் திரும்பி. பியானோக்காரருக்கு பேஸ் கலைஞரின் முகம் தெரிய வேண்டும், ஏனென்றால் முடிவுகள் பெரும்பாலும் கண்ஜாடையில்தான் தீர்மானமாகின்றன. நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ என்றால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதன் ஒலிப்பலகை பின்புறம் இருக்கிறது. சுவர் அதை அடைத்துவிடும். பக்கவாட்டில் திருப்பி, மேல்மூடியைத் திறந்துவிடுங்கள்.

டிரம்ஸுக்குக் கீழே 2 மீட்டருக்கு 2 மீட்டர் தடித்த கம்பளம் அவசியம். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அறையின் மூலையில் டிரம்ஸை வைக்காதீர்கள். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ் ஒலியை ஊதிப் பெரிதாக்கும். 22 அங்குல பேஸ் டிரம்முக்குப் பதில் 18 அங்குலம் கொண்ட சிறிய ஜாஸ் செட் கிடைக்குமா என்று டிரம்மரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒலி அதிகம் என்று தோன்றினால் டிரம்ஸ்மேல் துணி போர்த்தச் சொல்ல வேண்டாம்; அது தோலின் துள்ளலையே கொன்றுவிடும். கம்பி பிரஷ், மெல்லிய குச்சி என்று அவரிடமே தீர்வு இருக்கும். ஜாஸ் பழகிய டிரம்மர் ஒரு பாட்டு முழுவதும் பேச்சுக்குரல் அளவில் வாசிப்பார். அது முடியாதவர் என்றால் இந்த அறைக்கு அவர் இன்னும் தயாராகவில்லை என்றே நான் சொல்வேன்.

அடுத்தது அறை. ஜாஸ் கச்சேரிகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். காறைச் சுவர், ஓடு பதித்த தரை, தட்டையான கூரை என்றால் கைதட்டினால் ஒலி பல நொடி சுற்றும். கணக்கு எளிது: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று வையுங்கள். கன அளவு 384 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 352 சதுர மீட்டர். கடினப் பரப்பு நூற்றுக்கு 4 பங்கு உறிஞ்சினால் மொத்த உறிஞ்சுதல் 14. காலி அறையில் ஒலி அடங்க 4.4 நொடி! ஒருவர் உட்கார்ந்தால் ஏறக்குறைய 0.45 கூடும், 60 பேருக்கு 27. இப்போது 1.5 நொடி. பின்சுவரிலும் பக்கச்சுவர்களிலும் மடிப்பு மடிப்பாக 30 சதுர மீட்டர் கனத்த திரை தொங்கவிட்டால் இன்னொரு 15 கூடி 1.1 நொடிக்கு இறங்கும். டிரம்ஸ் இருக்கும் குழுவுக்கு 1 நொடியை ஒட்டி இருந்தால் நல்லது. ரைடு சிம்பலின் ஒவ்வொரு தட்டலும் பிரிந்து கேட்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். காலி அறையில் சவுண்ட் செக் செய்து 'எல்லாம் ஒரே இரைச்சல்' என்று பதறி மிக்சரைத் திருகாதீர்கள். ஆட்கள் வந்ததும் பாதிக்கு மேல் அடங்கிவிடும். இன்னொன்று, திரை மேல் ஒலிகளைத்தான் விழுங்கும். கீழ் ஒலி அப்படியே தங்கும். ஆகவே பேஸும் பேஸ் டிரம்மும் கட்டுக்குள் இருப்பது கலைஞர்கள் கையில்தான்.

டபுள் பேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உள்ளூர்க் கச்சேரிகளில் அதிகம் தடுமாறுவது அதுதான். அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மைக் இல்லாமல் டிரம்ஸோடு நின்றால் நடை கேட்கும், சுரம் கேட்காது. பெரும்பாலோர் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் பொருத்திய பியெசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சிறு கருவி) வைத்திருப்பார்கள். அதை நேராக மிக்சரின் லைன் துளையில் செருகினால் ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவது போல வரும். பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு தேவை. மிக்சரின் லைன் உள்ளீடு வழக்கமாக அதைவிட மிகக் குறைவு. நடுவில் ஒரு பிரீஆம்ப் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வேண்டும், அல்லது கலைஞரின் சொந்த பேஸ் ஆம்ப்ளிஃபையரே போதும். அதை நாற்காலிமேல் தூக்கி, அவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். தரையில் இருந்தால் அவர் காலுக்குத்தான் கேட்கும். கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார், முன்வரிசை அதிரும்.

ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் பேஸ் 'ஊம்' என்று ஊளையிட்டால் அது ஃபீட்பேக். ஸ்பீக்கரின் ஒலி வாத்தியத்தின் மேற்பலகையை அதிரவைத்து மறுபடி பிக்கப்புக்கே போகிறது. முதலில் வாத்தியத்தை ஆம்ப்ளிஃபையருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அடங்காவிட்டால் பிரீஆம்பில், ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றுங்கள். பிறகு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அப்புறமும் இருந்தால்தான் அந்தச் சுரத்தின் அலைவரிசையைச் சற்றுக் குறைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கீழ் ஒலி முழுவதையும் இறக்கிவிட்டால் பேஸ் இருந்தும் இல்லாத கதைதான்.

பியானோவைக் கச்சேரி நாளன்று காலையில் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அறை அமைதியாக இருக்க வேண்டும். அன்றே பியானோவை வேறு அறையிலிருந்து நகர்த்தக் கூடாது, முந்தியே இடத்தில் இருக்கட்டும். விளக்குச் சூடும் குளிர்சாதனக் காற்றும் நேராகப் படவும் கூடாது. பியானோவின் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸிலிருந்து சற்று இறங்கியிருந்தால் சாக்ஸபோன் வாய்ப்பகுதியை வெளியே இழுத்து ஓரளவு ஈடுகட்டும்; ஆனால் பியானோ தனக்குள்ளேயே சுருதி பிசகியிருந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது. அப்படிப்பட்ட பியானோவைவிட 88 கனத்த கட்டைகள் கொண்ட நல்ல டிஜிட்டல் பியானோ மேல். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒரே ஸ்பீக்கருக்குப் போகிறதென்றால் மோனோ என்று குறித்த வெளியீட்டையே எடுங்கள். இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று தின்று பியானோ வெளிறிப்போகும். காலால் மிதித்துச் சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலை மறக்க வேண்டாம். மறப்பவர்கள் அதிகம்.

இப்போது ஸ்பீக்கர். பாடகர் இருந்தால் அவர் குரலும், அறிவிப்பும் மட்டும்தான் அதற்குள் போக வேண்டும், கூடவே தேவைப்பட்டால் பியானோ கொஞ்சம். ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர், கேட்போரின் தலைக்கு மேலே, மைக்குக்கு முன்னால். மைக் சாதாரண கார்டியாய்டு டைனமிக் (முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் வகை) போதும். பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் நேர் பின்புறம் இருக்கட்டும், அந்தத் திசையில்தான் அதற்குக் காது மந்தம். சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்னால் அல்ல, பின்பக்கத்தில் சற்று ஒதுங்கி. மின்சாரத்தில் உறுமல் கேட்டால் ஒலிக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே மின்சுற்றிலிருந்து எடுத்து, டிம்மர் விளக்குகளை வேறு சுற்றுக்கு மாற்றுங்கள். உறுமலைப் போக்க எர்த் கம்பியைத் துண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள், மைக்கைத் தொடுபவரின் உயிர் அதில் இருக்கிறது.

நிகழ்ச்சியின் நீளத்தைப் பாட்டு எண்ணிக்கையால் கணிப்பது ஏமாற்றும். பழைய ஜாஸ் மெட்டுகள் பல 32 பார் (பொதுவாக நான்கு அடி ஒரு பார்) நீளம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு சுற்று 64 நொடி. தொடக்கத்திலும் முடிவிலும் மெட்டு, மூன்று பேர் ஆளுக்கு இரண்டு சுற்று தனி, பிறகு நான்கு நான்கு பாராக டிரம்ஸோடு ஒரு சுற்று பரிமாற்றம் (மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் குறைப்பு வாசிப்பது போல). மொத்தம் ஒன்பது சுற்று, ஏறக்குறைய பத்து நிமிடம். ஆக, 45 நிமிடத்துக்கு ஐந்து பாட்டு எழுதினால் நிறைய. 45 நிமிடம், 20 நிமிட இடைவேளை, மறுபடி 45 என்பதே சின்னக் கூடத்துக்கு ஏற்ற அளவு.

வரிசையில் முதல் பாட்டு நடுத்தர வேகத்தில், நால்வருக்கும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கட்டும். அறையின் ஒலியை அவர்கள் அப்போதுதான் பிடித்துக்கொள்கிறார்கள். மெதுவான பேலட்டை மூன்றாவதாக வையுங்கள். நிமிடத்துக்கு 60 அடி என்றால் அதன் ஒரு சுற்றே இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். மெட்டு ஒருமுறை, தனி ஒரு சுற்று, திரும்பும்போது பாதி மெட்டு என்றாலே ஐந்து நிமிடத்துக்கு மேல். எல்லாப் பாட்டிலும் எல்லோரும் தனி வாசிக்க வேண்டியதில்லை என்பதைக் குழுவிடம் வற்புறுத்தியே சொல்லலாம். பழகாத காதுகளை அயரவைப்பது வேகமோ சிக்கலான சுரமோ அல்ல. சாக்ஸ், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பாட்டிலும் மாறாமல் வரும் அந்த வரிசைதான். ஒரு பாட்டை பேஸ் தொடங்கட்டும். இன்னொன்றை பியானோவும் சாக்ஸும் மட்டும் வாசிக்கட்டும். பேஸ் தனி வரும்போது மற்றவர்கள் கையை எடுத்துவிட்டால் கூடத்தில் பேச்சும் தானாக நிற்கும்.

விருந்தினராக ட்ரம்பெட் அல்லது ஆல்ட்டோ சாக்ஸ் வாசிப்பவர் வருகிறார் என்றால், மெட்டை எழுதிய லீட் ஷீட் தாள்களை மூன்று விதமாக வைத்திருங்கள், ஏனென்றால் ஒரே சுரத்துக்கு இந்த வாத்தியங்களின் தாளில் வேறு வேறு பெயர்: பியானோவுக்கும் பேஸுக்கும் சி, ட்ரம்பெட்டுக்கும் டெனர் சாக்ஸுக்கும் பி ஃபிளாட், ஆல்ட்டோவுக்கு ஈ ஃபிளாட். பியானோவில் எஃப் என்ற சுருதியில் புளூஸ் வாசித்தால் டெனரின் தாளில் அது ஜி, ஆல்ட்டோவின் தாளில் டி. மேடையில் யாராவது 'எஃப்' என்று கத்தும்போது அது யாருடைய எஃப் என்று தெளிவாக இல்லாவிட்டால் முதல் நான்கு பாரும் அலங்கோலம். பியானோவின் எஃப் என்று புரியும்படி 'கான்செர்ட் எஃப்' என்று சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்.

ஊரில் கற்றுக்கொள்பவர்களும் இருப்பார்கள். இரண்டாம் பாதியின் கடைசி அரை மணியை ஜாம், அதாவது வந்தவர்களும் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் நேரம் என்று அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில் 1940களின் தொடக்கத்தில் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி உருவானது இப்படித் திறந்த ஜாமில்தான். பியானோவில் தெலோனியஸ் மங்க்கும் டிரம்ஸில் கென்னி கிளார்க்கும் நிரந்தரமாக இருந்ததால் வந்தவர்களுக்கு நிற்க ஓர் அடித்தளம் இருந்தது. உங்கள் பியானோ, பேஸ், டிரம்ஸும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. பெயரெழுதும் தாள் ஒன்று, ஒரே நேரத்தில் ஊதுபவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒருவருக்கு இரண்டு சுற்று. 12 பார் புளூஸில் தொடங்குங்கள். டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' மெட்டில் இரண்டே சுரங்கள். ஆறு மாதம் கற்றவரும் மேடையேறலாம், முப்பது வருடம் வாசித்தவரும் அதில் சொல்ல ஏதாவது வைத்திருப்பார். எண்ணிக்கை தவறுபவருக்காக பேஸ் கலைஞர் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் மூலச்சுரத்தை அழுத்தமாக வைத்தால் போதும், திரும்பி வந்து சேர்ந்துகொள்வார்.

பணத்தைப் பேசாமல் விடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள், ஆர்வத்துக்காக வாசிக்கிறார்கள் என்று சொல்லிச் சம்பளத்தைத் தட்டிக்கழிப்பது அநியாயம். மூன்றாவது மாதத்தில் டிரம்மர் வரமாட்டார். ஆளுக்கு இவ்வளவு என்று நிச்சயத் தொகை, வசூல் அதைத் தாண்டினால் மேல்தொகையில் பங்கு என்பதே நியாயமான ஏற்பாடு. பாதி நாற்காலி நிரம்பினாலே நிச்சயத் தொகையும் சுருதி சேர்ப்பவர் கூலியும் வாடகையும் தேறும்படி கட்டணத்தை வையுங்கள். அன்றிரவே, கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். வாசிக்கும் மெட்டுகள் பலவற்றுக்குக் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கும். பொது நிகழ்ச்சிக்கான உரிமம் எடுப்பது வழக்கமாக இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. கூடத்துக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று விசாரித்து, வாசித்த பாட்டுகளின் பெயரையும் இயற்றியவர் பெயரையும் குறித்துவையுங்கள்.

நாற்காலிகளை நேர் வரிசையாகப் போடாமல் வளைவாக, முதல் வரிசை குழுவிலிருந்து 2 மீட்டரில். முதலில் 45 மட்டும் விரியுங்கள், கூட்டம் வந்தால் சேர்க்கலாம். 60 நாற்காலியில் 30 பேர் சிதறி உட்கார்ந்தால் கலைஞர்களுக்குக் கை சோர்ந்துவிடும். ஒவ்வொரு தனி வாசிப்பும் முடிந்ததும் கைதட்டலாம் என்பதைத் தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பாட்டின் பெயரை வாசித்த பிறகு சொல்வதைவிட வாசிக்கும் முன் சொல்வது நல்லது. தாளத்துக்குக் கைதட்ட விரும்புகிறவர்கள் இரண்டாவது நான்காவது அடிகளில் தட்டினால்தான் டிரம்ஸின் ஹை-ஹாட்டோடு (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) சேரும் என்பதையும் டிரம்மரே ஒருமுறை காட்டிவிடலாம்.

தேதியை மாற்றாதீர்கள். மாதத்தின் முதல் வெள்ளி என்றால் எப்போதும் முதல் வெள்ளி, அதே நேரம். அதே நால்வர், மாறுவது விருந்தினர் மட்டும். ஒரே அறையில் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது குழுவின் ஒலி அந்த அறைக்கேற்ப இறங்கி இழையும்; ஆம்ப்ளிஃபையரின் குமிழ் தானாகவே கீழே வரும். முதல் கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டும் முன், பேஸ் கலைஞர் நின்ற இடம், டிரம்ஸ் கம்பளத்தின் நான்கு மூலை, பியானோவின் கால்கள் ஆகியவற்றைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். மிக்சரின் குமிழ்களைப் படமெடுத்து வையுங்கள். எந்தச் சுரத்தில் ஊளை வந்தது, எந்தத் திரை எங்கே தொங்கியது என்று ஒரு தாளில் எழுதி பியானோவின் இருக்கைக்குள் போட்டுவிட்டால், அடுத்த மாதம் மேடை அமைக்க அரை மணி நேரம் போதும்.